சரக்கும் பத்திரமும்: சர்வதேச வர்த்தக ஆவணங்கள் குறித்து ஒரு நோக்கு

ஒரு நாடு தன் மண்ணில் இறக்க மறுத்த சரக்கிற்கு அந்நாட்டின் வங்கி பணம் செலுத்தக் கடமைப்பட்டதா? 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சேதனப் பசளைக் கப்பலொன்று தொடர்பாக இலங்கையில் எழுந்த இக்கேள்விக்கு 'இல்லை' என்பதே பெரும்பாலோரது விடையாக இருந்தது. பொருள் பழுதெனின் பணமில்லை என்பது சந்தையிலே காய்கறி வாங்கும் எவரும் அறிந்த நியாயம். ஆயின், கடல் கடந்த வர்த்தகம் இந்நியாயத்தின்மீது கட்டப்பட்டதன்று. அங்கு வாங்குபவன் சரக்கைக் கண்டு பணம் கொடுப்பதில்லை. பத்திரத்தைக் கண்டே பணம் கொடுக்கின்றான். இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாதவரை அக்கப்பலின் கதையையோ, அதனையடுத்து நாடு அனுபவித்த எரிபொருள் வரிசைகளின் கதையையோ முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது.

வர்த்தக ஆவணங்கள் பற்றிய அறிவு ஏற்றுமதியாளர், வங்கி அலுவலர், சுங்கத் தரகர் ஆகியோருக்கு மட்டும் உரிய தொழில் நுணுக்கமாகவே நம்மிடையே கருதப்பட்டு வந்துள்ளது. அரிசி, மருந்து, எரிபொருள், பசளை எனத் தன் அன்றாட வாழ்வுக்கு வேண்டியவற்றுட் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் ஒரு சமூகத்தில் அது அவ்வாறு ஒதுக்கப்படத் தக்கதன்று. முக்கியமான ஆவணங்கள் எவை, அவை எவ்வாறு தோன்றின, அவற்றின் தர்க்கம் யாது, அத்தர்க்கம் யாருக்குப் பாதுகாப்பாகவும் யாருக்குச் சுமையாகவும் அமைகின்றது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. கப்பலேற்றுச் சீட்டு

ஏனைய ஆவணங்களுக்கெல்லாம் அச்சாணியாக விளங்குவது கப்பலேற்றுச் சீட்டாகும். துறைமுக வட்டாரங்களில் இது 'பி.எல்.' எனச் சுருக்கமாக வழங்கப்படுகின்றது. இச்சீட்டு மூன்று பணிகளை ஒருங்கே ஆற்றுகின்றது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் வழங்கும் பற்றுச்சீட்டு என்பது ஒன்று. இன்ன துறையிலிருந்து இன்ன துறைக்கு இன்ன நிபந்தனைகளின்படி எடுத்துச் செல்ல உடன்பட்டமைக்கான சான்று என்பது மற்றொன்று. சரக்கின்மீதான உரிமையைத் தன்னகத்தே கொண்ட பத்திரம் என்பது மூன்றாவது.

இம்மூன்றாவது பணியே இச்சீட்டை ஏனைய பற்றுச்சீட்டுகளினின்றும் வேறுபடுத்துகின்றது. பாய்மரக் கப்பற் காலத்தில் ஒரு சரக்கு மாதக்கணக்கிற் கடலிலேயே இருந்தது. அக்காலம் முழுவதும் வணிகனின் முதல் முடங்கிக் கிடந்தது. கடலில் மிதக்கும் சரக்கைக் கரையிலிருந்தே விற்கவும் ஈடு வைக்கவும் வழி வேண்டியிருந்தது. சீட்டின் புறத்தே கையொப்பமிட்டு மற்றொருவரிடம் கொடுத்தால் சரக்கின் உரிமையும் கைமாறும் என்னும் வழக்காறு இத்தேவையினின்றே பிறந்தது. ஆங்கில நீதிமன்றம் லிக்பரோ எதிர் மேசன் என்னும் வழக்கில் 1787இல் இதனை ஆராய்ந்தது. அதே வழக்கில் 1794இல் வணிகர்களைக் கொண்ட விசேட ஜூரி சபை இதுவே வணிகர் வழக்காறு என முடிவு கூறியது. சட்டம் இவ்வழக்காற்றைப் படைக்கவில்லை. வணிகர் ஏற்கனவே கைக்கொண்டிருந்த நடைமுறைக்குப் பின்னர் அங்கீகாரம் வழங்கியது.

இங்கு ஒரு வரையறையை மனத்திற் கொள்ளல் வேண்டும். சரக்கு 'வெளித்தோற்றத்தில் நன்னிலையில்' இருந்தது என்பதற்கே கப்பல் நிறுவனம் பொறுப்பேற்கின்றது. 1924ஆம் ஆண்டின் ஹேக் விதிகளும் இதனையே கூறுகின்றன. மூடைக்குள் இருப்பது தரமான பொருளா, தரமற்றதா என்பதைக் கப்பற்றலைவன் அறியான். அறிய வேண்டும் என்ற கடமையும் அவனுக்கில்லை. குறை எதுவும் குறிக்கப்படாத சீட்டைத் 'தூய' கப்பலேற்றுச் சீட்டு என்பர். தூய்மை இங்கு சீட்டிற்கு உரிய அடைமொழியேயன்றிச் சரக்கிற்கு உரியதன்று.

கொள்கலன்களின் வருகை இவ்விடைவெளியை மேலும் அகலமாக்கியது. அனுப்புநர் தாமே நிரப்பி முத்திரையிட்டுக் கொடுக்கும் இரும்புப் பெட்டியினுள் யாதுளது என்பதைக் கப்பல் நிறுவனம் பார்ப்பதேயில்லை. 'இன்னது உள்ளதாகக் கூறப்படுகின்றது' என எழுதித் தன் பொறுப்பை வரையறுத்துக்கொள்கின்றது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் ஐக்கிய இராச்சியத்திலிருந்து கொழும்புத் துறைமுகத்தை வந்தடைந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் இதற்குத் தக்க உதாரணமாகும். மீள்பயன்பாட்டிற்கான பழைய மெத்தைகள், தரைவிரிப்புகள் முதலியன என்ற பெயரில் வந்த இவற்றிற் சிலவற்றில் மருத்துவமனைக் கழிவுகளும் காணப்பட்டதாகச் சுங்கத் திணைக்களம் 2019இல் வெளிப்படுத்தியது. நீதிமன்றத் தலையீட்டின் பின்னர் 2020 செப்டெம்பரில் இவற்றைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. இறுதித் தொகுதி 2022 பெப்ரவரியிலேயே நாட்டைவிட்டு நீங்கியது. பத்திரத்தில் எழுதப்பட்ட சில சொற்கள் பெட்டிகளை ஒரே பயணத்திற் கொண்டுவந்து சேர்த்தன. அச்சொற்களைப் பொய்ப்பித்து அவற்றை அகற்றுவதற்கோ ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

2. விலைப்பட்டியலும் விலை மறைப்பும்

விற்பனையாளர் வழங்கும் வணிக விலைப்பட்டியல் தோற்றத்தில் மிக எளிய ஆவணமாகும். பொருளின் விவரம், அளவு, அலகு விலை, மொத்தத் தொகை, விற்பனை நிபந்தனை என்பன இதில் இடம்பெறும். பொதிகளின் எண்ணிக்கையையும் நிறையையும் காட்டும் பொதிப் பட்டியல், பொருள் எந்நாட்டில் உற்பத்தியானது என்பதை உறுதிப்படுத்தும் உற்பத்தி மூலச் சான்றிதழ், தாவரம் சார்ந்த பொருள்களுக்குரிய தாவர சுகாதாரச் சான்றிதழ் முதலியன இதனுடன் சேர்ந்து செல்லும். சுங்கத் தீர்வை கணிக்கப்படுவதும், சலுகைத் தீர்வை வழங்கப்படுவதும், அந்நியச் செலாவணி விடுவிக்கப்படுவதும் இவற்றின் அடிப்படையிலேயாகும்.

எனவே, இப்பட்டியலில் எழுதப்படும் ஓர் எண் ஒரு நாட்டின் செல்வம் எத்திசையிற் செல்லும் என்பதையும் நிர்ணயிக்கின்றது. இறக்குமதியின் விலையை உயர்த்தி எழுதினால் மிகைத்தொகை வெளிநாட்டில் ஒருவரது கணக்கிற் சேரும். ஏற்றுமதியின் விலையைக் குறைத்து எழுதினாலும் விளைவு அதுவே. சட்டப் புத்தகங்களில் வேறொரு காரணத்திற்காகப் புகழ்பெற்ற வழக்கொன்று இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. கண்ணாடி நார் உற்பத்திக்கான இயந்திரத் தொகுதியொன்றை இங்கிலாந்திலிருந்து வாங்கிய பெரு நாட்டு நிறுவனம், விலைப்பட்டியலில் உண்மை விலையை இருமடங்காக்கி எழுதுமாறு விற்பனையாளரைக் கேட்டுக்கொண்டது. மிகைப்பாதி அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள கணக்கொன்றிற்கு அனுப்பப்பட இருந்தது. பெருவின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். 1982இல் இவ்வழக்கை விசாரித்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை, உண்மை விலைக்குரிய பாதியை மட்டும் செலுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. செலாவணிக் கட்டுப்பாட்டை மீறும் மற்றைய பாதியைச் செலுத்துமாறு நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது எனவும் கூறியது.

இவ்வழக்கு நீதிமன்றம் வந்தமையாலேயே இவ்வேற்பாடு வெளிப்பட்டது. வாங்குபவரும் விற்பவரும் ஒத்துப்போகும்போது பொய்யான விலைப்பட்டியலைக் கண்டறிவார் யாருமிலர். இருவரும் இலாபமடைவர், இழப்பு நாட்டின் பொதுச் செல்வத்திற்கே. வறிய நாடுகளின் வர்த்தகப் பற்றாக்குறை பற்றிப் பேசும்போது, இப்பத்திரத்திலுள்ள எண்கள் எவ்வளவு தூரம் உண்மையானவை என்ற வினாவையும் நாம் சேர்த்தே எழுப்புதல் வேண்டும்.

3. விலை நிபந்தனையும் காப்புறுதிப் பத்திரமும்

சரக்கு யாருடைய பொறுப்பில் பயணஞ் செய்கின்றது என்பதை விற்பனை நிபந்தனை தீர்மானிக்கின்றது. சர்வதேச வர்த்தக சம்மேளனம் இந்நிபந்தனைகளை முதன்முதலில் 1936இற் தொகுத்து வெளியிட்டது. இன்று வழக்கிலுள்ளது 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாகும். 'எப்.ஓ.பி.' எனின், சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு விற்பனையாளரின் செலவும் பொறுப்பும் முடிவடையும். 'சி.ஐ.எப்.' எனின், கப்பற் கூலியையும் காப்புறுதிக் கட்டணத்தையும் விற்பனையாளரே செலுத்தி விலையிற் சேர்த்துக்கொள்வார்.

சி.ஐ.எப். விற்பனையிற் சேரிடம்வரை விற்பனையாளரே பொறுப்பு எனப் பலர் தவறாக எண்ணுவதுண்டு. உண்மை அவ்வாறன்று. செலவு அவருடையது, ஆயின் சரக்கு கப்பலில் ஏறிய கணமே இடர் வாங்குபவரைச் சேர்கின்றது. கப்பல் நடுக்கடலில் மூழ்கிவிட்டாலும் உரிய ஆவணங்கள் சமர்ப்பிக்கப்பட்டால் வாங்குபவர் பணம் செலுத்தியே ஆகவேண்டும். முதலாம் உலகப் போர்க்காலத்தில் மூழ்கடிக்கப்பட்ட சரக்குகள் தொடர்பாக 1919இல் ஆங்கில நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயின், வாங்குபவர் கையிற் சேரும் பத்திரங்களுள் காப்புறுதிப் பத்திரமும் ஒன்றென்பதை மறத்தலாகாது; இழப்பீட்டை அவர் காப்புறுதி நிறுவனத்திடம் பெறலாம்.

இங்கும் பத்திரத்தின் வாசகமே அனைத்துமாகும். வேறு உடன்பாடு இல்லையெனில், சி.ஐ.எப். விற்பனையாளர் எடுக்கவேண்டியது மிகக் குறைந்த பாதுகாப்பைத் தரும் காப்புறுதி மட்டுமே. களவு, நீர் நனைவு முதலியவற்றுட் பல அதனுள் அடங்கா. அன்றியும், பொருளின் உள்ளியல்பினால் விளையும் கெடுதியை மிக விரிந்த காப்புறுதியும் பொதுவாக ஈடுசெய்வதில்லை. கூடுதற் பாதுகாப்பு வேண்டுவோர் ஒப்பந்தஞ் செய்யும்போதே அதனைக் கேட்டிருத்தல் வேண்டும்.

4. நாணயக் கடிதம்

இதுவரை கூறிய ஆவணங்கள் அனைத்தும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அதுவே 'எல்.சி.' என அழைக்கப்படும் நாணயக் கடிதமாகும். ஒருவரையொருவர் அறியாத இருவர், இரு வேறு நாடுகளிலிருந்து வர்த்தகஞ் செய்கையில், முதலிற் செயற்படுபவர் யார் என்பது தீராத சிக்கலாகும். பணத்தை முதலில் அனுப்ப வாங்குபவர் அஞ்சுவார்; சரக்கை முதலில் அனுப்ப விற்பவர் அஞ்சுவார். நாணயக் கடிதம் இச்சிக்கலைத் தீர்க்கின்றது. குறிப்பிட்ட ஆவணங்களைக் குறிப்பிட்ட திகதிக்குள் ஒப்படைத்தால் பணம் தரப்படும் என வாங்குபவரின் வங்கி தன் சொந்தப் பெயரில் விற்பவருக்கு வாக்குறுதியளிக்கின்றது. வாங்குபவரின் நாணயம் அறியப்படாதிருப்பினும் வங்கியின் நாணயம் அறியப்பட்டது என்பதே இதன் அடிப்படை.

இக்கடிதங்களுக்கான பொது விதிகளைச் சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1933இல் முதன்முறையாக வெளியிட்டது. 2007 ஜூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த 600ஆம் இலக்க வெளியீடே இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. அவ்விதிகளின் சாரத்தை இரு கோட்பாடுகளிற் கூறிவிடலாம்.

முதலாவது, தற்சார்புக் கோட்பாடு. நாணயக் கடிதம் எந்த விற்பனை ஒப்பந்தத்தின் பொருட்டுப் பிறந்ததோ அவ்வொப்பந்தத்தினின்றும் அது வேறானது. வங்கிகள் ஆவணங்களையே கையாளுகின்றன, சரக்கையன்று. எனவே, சரக்கின் தரம் பற்றி வாங்குபவருக்கும் விற்பவருக்குமிடையே பிணக்கு எழுந்தாலும் அது வங்கியின் கடமையைப் பாதிக்காது. வாங்குபவர் முதலிற் பணஞ் செலுத்திவிட்டுப் பின்னர் வழக்காடலாம்.

இரண்டாவது, கண்டிப்பான இணக்கக் கோட்பாடு. ஒப்படைக்கப்படும் ஆவணங்கள் கடிதத்திற் கேட்கப்பட்டவற்றோடு பொருந்துதல் வேண்டும். வெனிலாக் காய் இறக்குமதி தொடர்பாகப் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் தீர்க்கப்பட்டு 1927இல் அறிக்கையிடப்பட்ட வழக்கொன்று இதற்குச் சான்றாகும். பத்தேவியாவிலிருந்து அனுப்பப்படும் சரக்கிற்கு நிபுணர்கள் பலரது சான்றிதழ் தேவை என வாங்குபவர் கேட்டிருந்தார். தந்திக் குறியீட்டிலேற்பட்ட தவறால் அச்சொல் ஒருமையாக மாறியது. ஒரே நிபுணரின் சான்றிதழை ஏற்று வங்கி பணஞ் செலுத்தியது. வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் குப்பையே. கேட்ட ஆவணம் கிடைக்காமையால் வாங்குபவர் வங்கிக்குப் பணந்தரக் கடமைப்படவில்லை எனச் சபை தீர்ப்பளித்தது. ஒரு பன்மை விகுதி முழுச் சரக்கின் இழப்பையும் ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாற்றியது!

ஆவணங்களைப் பரிசீலிக்க வங்கிக்கு இன்று கிடைக்கும் காலம் ஆகக்கூடியது ஐந்து வங்கி வேலைநாள்கள். ஏற்க மறுப்பின் குறைகள் ஒவ்வொன்றையும் குறிப்பிட்டு ஒரே அறிவித்தலில் தெரிவித்தல் வேண்டும். தவறின் மறுக்கும் உரிமையை வங்கி இழந்துவிடும். முதன்முறை ஒப்படைக்கப்படும் ஆவணங்களில் ஏறத்தாழ 70 வீதம் குறைபாடுகளால் நிராகரிக்கப்படுவதாக ஆய்வுகள் காட்டியமையே 600ஆம் இலக்க விதிகளை இயற்றத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என அவ்வெளியீட்டின் முன்னுரையே கூறுகின்றது. பெரிய நிறுவனங்கள் இதற்கெனத் தனிப்பிரிவுகளை வைத்திருக்கின்றன. ஊர்க் கூட்டுறவுச் சங்கமொன்றோ, சிறு ஏற்றுமதியாளர் ஒருவரோ ஒரு திகதியில் நேரும் பிழையினாலேயே பணத்திற்காக வாரக்கணக்கிற் காத்திருக்க நேரலாம்.

5. மோசடி என்னும் விதிவிலக்கு

பத்திரம் சரியாகவும் பொருள் பொய்யாகவும் இருப்பின் சட்டம் முற்றாகக் கைகட்டி நிற்குமா? நியூயோர்க் நீதிமன்றம் 1941இல் விசாரித்த ஸ்டெயின் எதிர் ஷ்ரோடர் வங்கி வழக்கு இவ்வினாவுக்கு விடை கண்டது. இந்தியாவின் லக்னோவிலிருந்து தூரிகை செய்வதற்கான பன்றி மயிர் வரவழைக்கப்பட்டது. பெட்டிகளிற் பசு மயிரும் பயனற்ற பிற பொருள்களுமே நிரப்பப்பட்டிருந்தன என்பது வாங்கியவரின் முறைப்பாடு. ஆவணங்கள் பார்வைக்குச் சரியாகவே இருந்தன. முறைப்பாடு உண்மை எனக் கொண்டு பரிசீலித்த நீதிமன்றம், தரக்குறைவு வேறு, வேண்டுமென்றே பொருளையே அனுப்பாமை வேறு எனப் பிரித்துக் காட்டியது; பிந்தியதற்குப் பணஞ் செலுத்துவதைத் தடுக்கலாம் என்றது.

இவ்விதிவிலக்கின் எல்லை மிகக் குறுகியது. மேலே குறிப்பிட்ட பெரு நாட்டு வழக்கிற் சரக்கு 1976 டிசெம்பர் 16ஆந் திகதி ஏற்றப்பட்டிருக்க, 15 எனச் சீட்டில் முன்திகதியிடப்பட்டிருந்தது. அதனைச் செய்தவர் கப்பலேற்றத் தரகர். விற்பனையாளருக்கு அது தெரியாது. ஆகவே அவருக்குரிய பணத்தை மறுக்க அது காரணமாகாது என்றே பிரபுக்கள் சபை கூறியது. சுருங்கக் கூறின், பொருள் தரமற்றது என்பது மட்டும் போதாது. பணங்கோருபவரே மோசடி செய்தார் என்பது தெளிவாக நிறுவப்படல் வேண்டும்.

6. பசளைக் கப்பல் கற்பித்தது

இப்பின்னணியில் இலங்கையின் அனுபவத்தை நோக்குவோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. அவ்விடத்தை நிரப்பச் சேதனப் பசளையைப் பெருமளவில் இறக்குமதி செய்ய அரசு முயன்றது. அரசுக்குரிய இலங்கை உரக் கம்பனிக்காக மக்கள் வங்கி, சீன நிறுவனமொன்றின் பெயரில் நாணயக் கடிதத்தைத் திறந்தது. அனுப்பப்பட்ட மாதிரிகளில் எர்வினியா உள்ளிட்ட தீங்கு விளைக்கும் பற்றீரியாக்கள் காணப்படுவதாகத் தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை அறிவித்தது. விற்பனையாளர் அதனை மறுத்து, பரிசோதனை முறையே பொருத்தமற்றது என வாதிட்டார். இப்பிணக்கு தீருமுன்னரே ஏறத்தாழ 20,000 தொன் பசளையுடன் 'ஹிப்போ ஸ்பிரிட்' என்னும் கப்பல் இலங்கையை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

2021 ஒக்டோபர் 22ஆந் திகதி, கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் நாணயக் கடிதத்தின்கீழ்ப் பணஞ் செலுத்துவதைத் தடுத்துக் கட்டளையிட்டது. ஒரு வாரத்தின் பின், ஒக்டோபர் 29ஆந் திகதி, கொழும்பிலுள்ள சீனத் தூதரகத்தின் பொருளாதார வணிக அலுவலகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலிற் சேர்த்ததாக அறிவித்தது. நீதிமன்றக் கட்டளைக்கு அமையவே பணஞ் செலுத்தவில்லை என வங்கி விளக்கமளித்தது. இறுதியில் 2022 ஜனவரியில், ஏறத்தாழ 69 இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. பசளை இலங்கை வயல்களைச் சென்றடையவில்லை. இரசாயனப் பசளையும் உரிய நேரத்திற் கிடையாமல், 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. வயலில் நின்ற விவசாயி இவ்வாவணங்களுள் ஒன்றையேனும் கண்டவனல்லன்; அவற்றின் விளைவையோ முழுமையாக அனுபவித்தவன்.

இந்நிகழ்விற் பரிசோதனைச் சேவையின் விஞ்ஞானிகள் தம் கடமையைச் செய்தனர். நீதிமன்றம் தன்முன் வைக்கப்பட்டதற்கேற்பக் கட்டளையிட்டது. மக்களின் சினத்திற்கும் நியாயமுண்டு. ஆயினும், நாணயக் கடிதத்தின் தர்க்கத்தின்படி இவை யாவும் காலந் தாழ்ந்த செயல்களாகும். தரம் பற்றிய வாதம் எழவேண்டிய இடம் துறைமுகமன்று. கடிதம் திறக்கப்படும் மேசையே. வங்கியின் வாக்குறுதி வெளிப்பட்ட பின்னர் அதனைத் தடுப்பது, சரக்கு உண்மையிலேயே பழுதாயினும், வாக்குறுதி மீறலாகவே வெளியுலகிற்குத் தோன்றும்.

இங்கு அதிகம் அறியப்படாத விதியொன்றைச் சுட்டுதல் அவசியம். நாணயக் கடிதத்தில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டு, அதனை நிறுவும் ஆவணம் எது என்பது கூறப்படாதிருப்பின், வங்கிகள் அந்நிபந்தனையை எழுதப்படாததாகவே கருதும் என்பது 600ஆம் இலக்க விதிகளின் 14ஆம் உறுப்புரை. 'பசளை நோய்க்கிருமிகள் அற்றதாக இருத்தல் வேண்டும்' எனக் கடிதத்தில் எழுதுவது பயனற்றது. 'ஏற்றுமதித் துறைமுகத்தில் இன்ன பரிசோதனை நிறுவனம், இன்ன நியமத்தின்படி மாதிரி எடுத்து, கிருமிகள் அற்றது எனக் கையொப்பமிட்டு வழங்கிய சான்றிதழ்' எனக் கேட்பதே பயனுடையது. முன்னையது விருப்பம், பின்னையது ஆவணம். பரிசோதகரைத் தெரிவு செய்பவர் யார், கட்டணம் செலுத்துபவர் யார், மாதிரி எடுக்கப்படுவது எப்போது என்னும் வினாக்களுக்கான விடைகளிலேயே உண்மையான பாதுகாப்பு அடங்கியுள்ளது.

விற்பனையாளர் இத்தகைய நிபந்தனைகளுக்கு எளிதில் உடன்படார் என்பது உண்மையே. வாங்குபவரின் விருப்பப்படி மறுக்கப்படக்கூடிய சான்றிதழை எவரும் ஏற்கத் தயங்குவர். எனவே இது பேரம் பேசும் வலிமையைப் பொறுத்தது. அவசரத்தில், பருவந் தவறுமோ என்ற அச்சத்தில் வாங்கும் நாடு அவ்வலிமையை முன்னரே இழந்துவிடுகின்றது. ஒரே போகத்தில் ஒரு நாட்டின் பசளை முழுவதையும் மாற்ற முனைந்த கொள்கை, ஆவண மேசையிலும் நம் கைகளைக் கட்டியது எனல் மிகையாகாது.

7. வாக்குறுதியின் விலை

நாணயக் கடிதம் வங்கியின் நாணயத்தில் தங்கியிருப்பின், வங்கியின் நாணயம் அந்நாட்டின் செலாவணி நிலையில் தங்கியுள்ளது. 2022இன் முதற்பாதியில் இலங்கை இதனைக் கசப்புடன் கற்றது. வெளிநாட்டு விற்பனையாளர்கள் இலங்கை வங்கிகளின் கடிதத்தை மட்டும் ஏற்கத் தயங்கி, வெளிநாட்டு வங்கியொன்றின் உறுதிப்படுத்தலையும் கோரினர். உறுதிப்படுத்தும் வங்கி தானும் பணஞ் செலுத்தும் பொறுப்பை ஏற்பதால், இடர் மிகுந்த நாட்டின் கடிதத்தை உறுதிப்படுத்த முன்வருவதில்லை. முன்வந்தாலும் உயர்ந்த கட்டணம் கேட்கும். 2022 ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. மார்ச் மாத இறுதியிலிருந்து பெற்றோலுடன் காத்து நிற்கும் கப்பலுக்குச் செலுத்த டொலர் இல்லை என மே மாத நடுப்பகுதியிற் பாராளுமன்றத்தில் அமைச்சரே கூற நேர்ந்தது. கரையிலிருந்து கட்புலனாகும் தூரத்தில் எரிபொருள் மிதந்தது. அதனைக் கரைசேர்க்கும் பத்திரமோ கிடைக்கவில்லை.

8. தாளிலிருந்து மின்னணுவுக்கு

இவ்வாவணங்கள் இன்று மெல்ல மின்னணு வடிவம் பெறுகின்றன. ஐக்கிய நாடுகளின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 2017இல் இதற்கான மாதிரிச் சட்டமொன்றை ஏற்றுக்கொண்டது. ஐக்கிய இராச்சியம் 2023இல் இயற்றிய சட்டம், மின்னணுக் கப்பலேற்றுச் சீட்டுக்குத் தாளுக்குரிய அதே தகுதியை வழங்கியது. தாமதமும் செலவும் இதனாற் குறையும். போலிச் சீட்டும் ஓரளவு கட்டுப்படும். ஆயின், பொய்யான விலையை மின்னணுப் பட்டியலும் ஏற்கும். மூடிய கொள்கலனுள் மின்னணுச் சீட்டும் நுழைந்து பார்க்காது. ஆவணத்தின் வடிவம் மாறும்போது அதன் உள்ளடக்கத்தை எழுதுபவர் யார் என்ற வினா மாறிவிடுவதில்லை.

9. முடிவுரை

ஆவணங்களின் தற்சார்பு ஒரு சூழ்ச்சியன்று. அஃதின்றேல் அறியாத இருவர் கடல் கடந்து வர்த்தகஞ் செய்தல் இயலாது. நமது தேயிலையையும் ஆடையையும் வெளிநாட்டிற்கு அனுப்பிப் பணம் பெறுவதும் அதே கோட்பாட்டின் துணையாலேயே. ஆனால் அக்கோட்பாடு எழுதத் தெரிந்தவருக்கே துணைநிற்கும். கடிதத்திற் கேட்கத் தவறியதைத் துறைமுகத்திற் கேட்டுப் பெறமுடியாது.

ஆகவே, பொதுப்பணத்திற் செய்யப்படும் பெருங் கொள்வனவுகளில் மூன்று நடைமுறைகளை நாம் வலியுறுத்துகின்றோம். உயிர்ப்பொருள் சார்ந்த எச்சரக்கிற்கும் மாதிரிப் பரிசோதனை முற்றுப்பெறாமல் நாணயக் கடிதம் திறக்கப்படலாகாது. தரம் பற்றிய ஒவ்வொரு நிபந்தனையும் பெயர் குறித்த சுயாதீனப் பரிசோதகரின் சான்றிதழாகக் கேட்கப்படல் வேண்டும். கேட்கப்படும் ஆவணங்களின் பட்டியல், கடிதம் திறக்கப்படுமுன் துறைசார் விஞ்ஞானிகளுக்கும் பாவனையாளர் அமைப்புகளுக்கும் வெளிப்படுத்தப்படல் வேண்டும். பசளையின் நுண்ணுயிரை அறிந்தவர் ஆய்வுகூடத்திலும், நாணயக் கடிதத்தின் உறுப்புரையை அறிந்தவர் வங்கியிலும், பயிரை அறிந்தவர் வயலிலும் தனித்தனியே இருக்கும்வரை, அம்மூவருக்குமிடையேயுள்ள வெளியில் இத்தகைய இழப்புகள் தொடரும்.

இவ்விடத்திற் பல்கலைக்கழகத்திற்கும் ஒரு பணியுண்டு. நமது மாணவர் வணிகக் கல்வியைத் தமிழிற் கற்கின்றனர். அவர்கள் பின்னர் கையாளவேண்டிய கடிதங்களும் சீட்டுகளும் ஆங்கிலத்தில் அமைந்துள்ளன. கப்பலேற்றுச் சீட்டின் மூன்று பணிகளை ஒப்புவிக்கும் மாணவர், உண்மையான சீட்டொன்றின் மறுபக்கத்துச் சிற்றெழுத்துகளை ஒருமுறையேனும் வாசித்திருத்தல் வேண்டும். மாதிரி ஆவணங்களைச் சேகரித்து, வரிவரியாகத் தமிழில் விளக்கும் கைந்நூலொன்றை ஆக்குதல் நமது வணிகத் துறையினரும் சட்டத் துறையினரும் இணைந்து உடனடியாகத் தொடங்கத்தக்க பணியாகும்.